ஷொட்கி டயோட்: உடைவு வோல்ற்றளவும் கசிவு மின்னோட்டமும்

ஷொட்கி டயோட் ஒன்றைத் தெரிவு செய்யும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். பின்முகமாக எத்தனை வோல்ற்று வரை அது தாங்கும்? தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில் எவ்வளவு மின்னோட்டம் அதனூடாகப் பின்னோக்கிக் கசியும்? முதற் கேள்விக்கான விடை பெரும்பாலும் டயோட்டின் இலக்கத்திலேயே அடங்கியிருக்கும். கடைக்காரருக்கும் அது தெரியும். இரண்டாவது விடை உற்பத்தியாளரின் தரவுத்தாளில் மட்டுமே இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. மல்லாவி போன்ற வெப்பமான ஊரில், வீட்டுக் கூரைமேல் சோலர் பனலின் முதுகில் இருந்து வேலை செய்யும் டயோட்டை அழிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது விடைதான். ஆகவே இந்த அத்தியாயத்தில் கசிவுக்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

உலோகமும் குறைகடத்தியும் சந்திக்கும் இடம்

சாதாரண சிலிக்கன் டயோட்டில் பி வகை, என் வகை என இரு குறைகடத்திகள் சந்திக்கின்றன. ஷொட்கி டயோட்டில் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் என் வகைச் சிலிக்கன். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. உலோக முனை தொடும் கனிமத்தில் மின் ஒரு திசையில் மட்டும் எளிதாகப் பாய்வதை ஜெர்மனியரான பேர்டினன்ட் பிறவுண் 1874 இல் கண்டார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா எனும் ஈயக் கனிமத்தைக் கொண்டு வானொலி அலைகளைக் கண்டறியும் கருவியைச் செய்து, 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் இடையே தோன்றும் தடுப்பைக் கோட்பாடாக விளக்கியவர் வோல்ற்றர் ஷொட்கி, ஆண்டு 1938. டயோட்டுக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்த அமைப்பின் பயன் முன்முகத்தில் தெரியும். 1 அம்பியர் பாயும்போது 1என்4007 போன்ற சாதாரண டயோட்டில் 0.9 வோல்ற்று அளவு வீணாகும், ஷொட்கியில் 0.3 முதல் 0.6 வோல்ற்று வரைதான். மின்னோட்டத்தின் திசை மாறும்போது உடனடியாக அடைத்துக்கொள்வதும் ஷொட்கியின் குணம். அதனால்தான் வேகமாகத் திறந்து மூடும் சார்ஜர்களிலும் இன்வேட்டர்களிலும் அது இடம்பிடித்தது. இந்த இரு நன்மைக்கும் விலையாகக் கொடுப்பவை கூடிய கசிவும் குறைந்த உடைவு வோல்ற்றளவும்.

கசிவு எவ்வாறு பிறக்கிறது

உலோகத்திலுள்ள இலத்திரன்கள் குறைகடத்திக்குள் போக ஒரு தடுப்பைத் தாண்ட வேண்டும். சிலிக்கன் ஷொட்கிகளில் அந்தத் தடுப்பின் உயரம் பொதுவாக 0.6 முதல் 0.85 இலத்திரன்வோல்ற்று வரை இருக்கும். அறை வெப்பநிலையில் மிகச் சில இலத்திரன்களுக்கே அதைத் தாண்டும் சக்தி உண்டு. அந்தச் சிலவே கசிவு மின்னோட்டம். வெப்பநிலை கூடக்கூடத் தாண்டுவோர் தொகை மடங்கு மடங்காகப் பெருகும். ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் கசிவு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேலைத்தளத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு. 25 பாகையில் 50 மைக்ரோஅம்பியர் கசியும் டயோட், 75 பாகையில் 1.6 மில்லிஅம்பியர் கசியும். அதுவே 125 பாகையானால் 50 மில்லிஅம்பியர்.

தடுப்பைத் தாழ்த்தினால் முன்முக வீழ்ச்சி குறையும். அதே தாழ்வு கசிவைக் கூட்டும். இரண்டையும் ஒரே உலோகம் தீர்மானிப்பதால், முன்முகத்தில் மிகக் குறைந்த வோல்ற்றை மட்டும் வீணாக்கும் டயோட் பின்முகத்தில் அதிகம் கசியும். விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படுவது முதலாவது இலக்கம் மட்டுமே.

வோல்ற்றளவும் கசிவைக் கூட்டும். சாதாரண டயோட்டில் கசிவு ஒரு மட்டத்துக்கு வந்து கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். ஷொட்கியில் அவ்வாறில்லை. பின்முக வோல்ற்று ஏறும்போது உலோக எல்லையில் மின்புலம் வலுத்து, தடுப்பையே சற்றுத் தாழ்த்திவிடும். ஆகவே 10 வோல்ற்றில் அளந்த கசிவை வைத்து 35 வோல்ற்றுக் கசிவை ஊகிக்க முடியாது.

தரவுத்தாளை வாசிக்கும்போது ஒரு குழப்பம் எழலாம். 3 அம்பியர், 40 வோல்ற்றுக்கான 1என்5822 இற்கு 25 பாகையில் 2 மில்லிஅம்பியர், 100 பாகையில் 20 மில்லிஅம்பியர் எனப் போட்டிருக்கும். 75 பாகை உயர்வுக்குப் பத்து மடங்குதானா? மேலே சொன்ன இரட்டிப்புக் கணக்குப்படி நூறு மடங்குக்கு மேல் அல்லவா வரவேண்டும்? தரவுத்தாளில் இருப்பவை உற்பத்தியாளர் உறுதி தரும் மேல் எல்லைகள். நல்ல டயோட் அறை வெப்பநிலையில் அந்த எல்லைக்கு மிகக் கீழே, பல சமயம் சில பத்து மைக்ரோஅம்பியரில், கசியும். 25 பாகைக்கான எல்லை தாராளமாக வைக்கப்பட்டது. 100 பாகைக்கானதே நடைமுறைக்கு நெருக்கமானது. ஒப்பிடும்போது எப்போதும் அந்த வரியையே எடுக்க வேண்டும். 1என்4007 இற்கு அதே 100 பாகையில் எல்லை 50 மைக்ரோஅம்பியர்தான். இரு வகைகளுக்கும் இடையே நானூறு மடங்கு வேறுபாடு.

உடைவு

பின்முக வோல்ற்று ஓர் எல்லையைத் தாண்டினால் சிலிக்கனுக்குள் மின்புலம் அளவுக்கு மீறி, ஓர் இலத்திரன் மோதி இன்னொன்றை விடுவிக்க, அவை மேலும் பலவற்றை விடுவிக்க, மின்னோட்டம் திடீரெனப் பெருகும். இதுவே உடைவு. குளக்கட்டோடு ஒப்பிட்டால் உடைவு என்பது வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்வது. கசிவு என்பது கட்டின் அடியால் ஊறுவது. வவுனிக்குளத்து விவசாயிக்குத் தெரியும், ஊற்றைக் கவனியாமல் விட்டால் கட்டு மேலால் வெள்ளம் பாயாமலே உடையும் என்பது. ஷொட்கியிலும் அப்படி நேர்வதைப் பின்னர் காணலாம்.

உடைவு வோல்ற்றைத் தீர்மானிப்பது சிலிக்கன் படையின் தடிப்பும் அதில் கலந்த மாசின் செறிவும். மாசைக் குறைத்துப் படையைத் தடிப்பாக்கினால் உடைவு வோல்ற்று ஏறும். படையின் தடை கூடுவதால் முன்முக வீழ்ச்சியும் ஏறும். 1என்5817 (20 வோல்ற்று), 1என்5818 (30 வோல்ற்று), 1என்5819 (40 வோல்ற்று) ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் இது கண்முன் தெரியும்: 1 அம்பியரில் அவற்றின் முன்முக எல்லைகள் முறையே 0.45, 0.55, 0.6 வோல்ற்று. 100 வோல்ற்று வகைகளில் இது 0.8 வோல்ற்றை எட்டிவிடும். அங்கே ஷொட்கியின் முதல் நன்மை ஏறக்குறைய போய்விடுகிறது. சிலிக்கன் ஷொட்கிகள் பொதுவாக 200 வோல்ற்றோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

உலோகத் தகட்டின் விளிம்பில் மின்புலம் குவிவதால் அங்கேதான் முதலில் உடையும். அதைத் தடுக்க விளிம்பைச் சுற்றி பி வகைச் சிலிக்கனால் ஒரு காவல் வளையம் இடப்படுகிறது. மலிவான, இலக்கம் மாற்றி அச்சிட்ட டயோட்டுகளின் உறை எல்லாவற்றையும் போலவே இருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று கண்ணால் சொல்ல இயலாது.

சிலிக்கன் காபைட்டில் செய்த ஷொட்கி வேறு இனம். அந்தப் பொருள் சிலிக்கனைவிடப் பத்து மடங்கு அளவு வலிய மின்புலத்தைத் தாங்கும். 2001 இல் இன்பினியன் நிறுவனம் அவற்றை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று 600 முதல் 1700 வோல்ற்று வரை கிடைக்கின்றன. இலங்கையில் 2016 இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்துக்குப் பின் கூரைகளில் பெருகிய, மின்சார சபை வழியோடு இணையும் இன்வேட்டர்கள் பலவற்றினுள் இவ்வகை டயோட்டுகள் உண்டு. அவற்றின் இடத்தில் சிலிக்கன் ஷொட்கியை மாட்டினால் முதல் நொடியிலேயே உடையும்.

சைக்கிள் டைனமோ

உடைவு வோல்ற்றை விளங்கிக்கொள்ள வன்னியில் எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்புக்குத் தேசிய மின்வழங்கல் இல்லை; டோர்ச் பற்றறிகள் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. 1996 இல் கிளிநொச்சி நகரத்து மக்கள் இடம்பெயர்ந்து மல்லாவி, அக்கராயன் பக்கங்களில் நிறைந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்பது வழக்கமாயிற்று. ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள்.

டைனமோ தருவது ஆடலோட்ட மின். வானொலிக்கு நேரோட்டம் வேண்டும். 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ தருவது அரை அம்பியர். நான்கு டயோட் பாலத்தில் ஒரே வேளையில் இரண்டு டயோட்டுகளூடாக மின் போவதால், சாதாரண டயோட்டுகளில் 1.7 வோல்ற்று அளவு, அதாவது 3 வாற்றில் 0.85 வாற்று, வெப்பமாகப் போகும். சுற்றுபவரின் உழைப்பில் கால்பங்குக்கு மேல் இது. ஷொட்கிப் பாலத்தில் இழப்பு 0.4 வாற்று அளவுக்குச் சுருங்கும்.

ஆனால் சைக்கிள் டைனமோ வோல்ற்றை நிலையாக வைத்திருக்கும் கருவி அல்ல. அது மின்னோட்டத்தையே ஏறக்குறைய நிலையாக வைத்திருக்க முயலும். வானொலியின் வயர் கழன்று சுமை இல்லாமற் போனால், வேகமாகச் சுற்றும் டைனமோவின் வோல்ற்றளவு ஆறிலிருந்து பல பத்துகளுக்கு ஏறிவிடும். பாலத்தின் ஒவ்வொரு டயோட்டும் அந்த உச்ச வோல்ற்றைப் பின்முகமாகத் தாங்க வேண்டும். 1000 வோல்ற்றுக்கான 1என்4007 இற்கு இது ஒரு பொருட்டே அல்ல. 20 வோல்ற்றுக்கான 1என்5817 போய்விடும். 40 வோல்ற்று 1என்5819 உம் எல்லைக்கு வந்துவிடும். இன்று டைனமோவில் தொலைபேசி சார்ஜர் செய்ய விரும்புவோர் 60 அல்லது 100 வோல்ற்று ஷொட்கியை எடுக்க வேண்டும். சில பத்தில் ஒரு வோல்ற்று கூடுதலாக இழந்தாலும் பாலம் நிலைக்கும்.

பனலின் முதுகில் உள்ள டயோட்

சோலர் பனலின் பின்புற இணைப்புப் பெட்டிக்குள் இருப்பவை மாற்றுவழி டயோட்டுகள். 60 கலப் பனலில் மூன்று இருக்கும். ஒவ்வொன்றும் 20 கலங்களுக்குக் காவல். ஒரு கலத்தில் நிழல் விழுந்தால், மற்றக் கலங்களின் மின்னோட்டம் அதனூடாகப் பலவந்தமாகப் பாய்ந்து அதை எரிக்காதபடி, டயோட் மாற்றுவழி கொடுக்கும்.

நல்ல வெயிலில் இந்த டயோட்டுக்கு வேலை இல்லை. 20 கலங்களின் வோல்ற்று, 10 முதல் 12 வரை, பின்முகமாக அதில் நிற்கும். டயோட்டோ 40 அல்லது 45 வோல்ற்றுக்கானது. உடைவு வோல்ற்றை மட்டும் பார்ப்பவர் மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு உண்டென்று நிம்மதியடைவார். இருந்தும் இந்த டயோட்டுகள் எரிகின்றன.

மல்லாவியில் வரண்ட மாதங்களில் பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நேர்வெயிலில் பனல் அதற்கு மேலும் 25 முதல் 30 பாகை சூடாகும். தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டிய பனலில் காற்றோட்டம் இல்லாததால் இன்னும் கூடும். பெட்டிக்குள் 65 பாகை என வைத்துக்கொள்ளலாம். வளவில் நிற்கும் மாமரத்தின் கிளையோ தென்னோலையோ நிழல் போடுகிறது. 9 அம்பியர் டயோட்டூடாகத் திரும்புகிறது; 0.45 வோல்ற்று வீழ்ச்சியில் 4 வாற்று வெப்பம். காற்றுப் புகாத பெட்டியில் ஒவ்வொரு வாற்றுக்கும் 20 பாகை ஏறுமானால், டயோட்டின் உட்புறம் 145 பாகையைத் தொடும்.

பிறகு நிழல் விலகுகிறது. ஆபத்தான கணம் இதுதான். இன்னும் 145 பாகையில் இருக்கும் டயோட்டின்மேல் 12 வோல்ற்று பின்முகமாக விழுகிறது. அதுவரை அதைச் சூடாக வைத்திருந்தது 4 வாற்று. இனிக் கசிவினால் பிறக்கும் வெப்பம் 4 வாற்றுக்குக் குறைவென்றால் டயோட் குளிரத் தொடங்கும். கூடுதலென்றால் மேலும் சூடாகும். சூடேறக் கசிவு கூடும். கசிவு கூடச் சூடு ஏறும். சிறிது நேரத்தில் டயோட் உருகிக் குறுக்குச்சுற்றாகிவிடும். 12 வோல்ற்றில் 4 வாற்று என்பது 330 மில்லிஅம்பியர் கசிவு. தடுப்பு உயரம் கூடிய நல்ல டயோட்டில் 145 பாகையிலும் கசிவு இதற்குப் பல மடங்கு கீழே நிற்கும். தாழ்ந்த தடுப்புள்ள மலிவான டயோட் இதை நெருங்கும். 40 வோல்ற்று எல்லை எந்தக் கட்டத்திலும் தாண்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வெப்ப ஓட்டத்தைச் சோதிப்பதற்கென்றே ஐஇசி 62979 என்ற சர்வதேச நியமம் 2017 இல் வெளியானது.

குளிர்நாட்டு நூல்கள் பனலின் வோல்ற்று பனிக்காலத்தில் ஏறுவதைப் பற்றி அதிகம் எச்சரிக்கும். வன்னியில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை 20 பாகை அளவிலேயே நிற்பதால் அந்த உயர்வு அற்பம். இங்கே கணக்கிட வேண்டியது வெயிலை.

பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. 36 கலப் பனலில் இரண்டு மாற்றுவழி டயோட்டுகள் இருக்கும். ஒன்று குறுக்குச்சுற்றானால், வெயிலில் சுமையில்லாமல் 21 வோல்ற்று காட்ட வேண்டிய பனல் 11 வோல்ற்றுக்கும் கீழே காட்டும். 12 வோல்ற்று பற்றறியை அதனால் ஏற்ற இயலாது. 60 கலப் பனலில் 37 வோல்ற்று 25 ஆகும். டயோட் குறுக்குச்சுற்றாகாமல் அறுந்துபோனால் எந்த அறிகுறியும் இராது. நிழல் விழும் நாளில் கலம் எரிந்து, பனலின் பின்தாள் பழுப்பாகும்போதே தெரியவரும். சித்திரை, ஐப்பசி காலத்து இடிமின்னலுக்குப் பின் பனல் அருகே மின்னல் விழுந்திருந்தால் இந்த டயோட்டுகளைச் சோதித்துவிடுவது நல்லது.

பற்றறிக்கும் பனலுக்கும் இடையில்

இரவில் பற்றறி மின் பனலுக்குத் திரும்பாதபடி இடப்படும் தடுப்பு டயோட்டில் நிலைமை எளிது. அது பின்முகத்தில் நிற்பது இரவில், குளிர்ந்த நிலையில். 1என்5822 தன் மேல் எல்லையான 2 மில்லிஅம்பியரையே கசியவிட்டாலும் 12 மணி நேரத்தில் போவது 24 மில்லிஅம்பியர்மணி. 100 அம்பியர்மணி பற்றறிக்கு இது ஒன்றுமில்லை. 12 வோல்ற்றுத் தொகுதிக்கு 40 வோல்ற்று டயோட் போதும். 24 வோல்ற்றுக்காக இரண்டு பனல்களைத் தொடராக்கி, அத்தகைய பல வரிசைகளைச் சமாந்தரமாக இணைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒரு வரிசை குறுக்குச்சுற்றானால் மற்ற வரிசைகளின் 42 முதல் 44 வோல்ற்று அந்த டயோட்டில் விழலாம். அங்கே 60 வோல்ற்றுக்குக் குறையக் கூடாது.

தொலைபேசி சார்ஜரில் கணக்கு வேறு. 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேராக்கினால் உச்சம் 325 வோல்ற்று. மாற்றியின் சுற்று விகிதம் 15 என்றால் வெளிப்பக்க டயோட்டில் பின்முகமாக விழுவது 325 ஐ 15 ஆல் வகுத்து வரும் 22, அதோடு வெளியீட்டு 5, மொத்தம் 27 வோல்ற்று. திறந்து மூடும் கணத்துத் துள்ளல்கள் அதற்கு மேல். எனவே 40 வோல்ற்று டயோட் மட்டுமட்டாகப் பொருந்தும். 12 வோல்ற்று அடப்ரரில் விகிதம் சிறியதாகையால் 60 வோல்ற்றைத் தாண்டும். அங்கே 100 வோல்ற்று ஷொட்கியே பொருத்தம். பின்முக உச்சம் டயோட் எல்லையின் 75 சதவீதத்துக்கு மேற்படாமல் வைத்தால் துள்ளல்களுக்கு இடமிருக்கும்.

அளந்து பார்த்தல்

மீற்றரின் டயோட் நிலையில் ஷொட்கி 0.15 முதல் 0.25 வோல்ற்று காட்டும். சாதாரண டயோட் 0.5 இற்கு மேல் காட்டும். 0.5 காட்டும் ‘ஷொட்கி’ போலியானது. ஓம் நிலையில் பின்முகமாக அளந்தால் ஷொட்கி சில நூறு கிலோஓம் காட்டக்கூடும். அதைப் பழுதென்று எண்ணி நல்ல டயோட்டை எறிந்துவிடக் கூடாது. அது இயல்பான கசிவுதான்.

கசிவை முறையாக அளக்க ஒரு 12 வோல்ற்று பற்றறியும் 1 கிலோஓம் தடையும் போதும். டயோட்டைப் பின்முகமாகவும் தடையைத் தொடராகவும் இணைத்து, தடையின் இரு முனைகளிலும் வோல்ற்றை அளக்க வேண்டும். ஒவ்வொரு மில்லிவோல்ற்றும் ஒரு மைக்ரோஅம்பியர். பிறகு ஈயம் பற்றவைக்கும் கோலை டயோட்டின் உறைக்கு அருகே, தொடாமல், பிடித்தால் இலக்கம் ஏறுவது தெரியும். கடையில் வாங்கிய பலவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு வேகமாக ஏறினால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

உடைவு வோல்ற்றை அளக்க, மூன்று 12 வோல்ற்றுப் பனல்களைத் தொடராக்கினால் வெயிலில் 60 வோல்ற்றுக்கு மேல் கிடைக்கும். 100 கிலோஓம் தடையைத் தொடராக இட்டு, டயோட்டின் முனைகளில் அளக்கலாம். 40 வோல்ற்று டயோட் 40 இற்கு மேல் எங்கோ ஓர் இடத்தில் நிலைக்க வேண்டும். ஷொட்கியில் அந்த இடம் கூர்மையாக இராது. கசிவு படிப்படியாக ஏறி உடைவோடு கலக்கும். தடை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்தால் டயோட் போய்விடும். 60 வோல்ற்று நேரோட்டம் ஈரக் கைக்கு ஆபத்தானது என்பதையும் மறக்கக் கூடாது.

மாற்றும்போது

இணைப்புப் பெட்டியைத் திறக்குமுன் பனலைத் தடித்த சாக்கால் முழுவதும் மூடி, தொகுதியின் சுவிச்சை நிறுத்த வேண்டும். மின் பாயும்போது வயரைக் கழற்றினால் நேரோட்டப் பொறி அணையாமல் எரியும். ஒரு டயோட் எரிந்திருந்தால் பெட்டியிலுள்ள மற்றவையும் அதே சூட்டைக் கண்டவை; எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் மாற்றுவது சரி. பெரிய டயோட் கிடைக்காதபோது இரண்டு சிறியவற்றைச் சமாந்தரமாக இடுவதைத் தவிர்க்க வேண்டும். சூடாகும் டயோட்டின் வீழ்ச்சி குறைவதால் அதுவே மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். டயோட்டின் கால்களைக் குறுக்கி, அகன்ற செப்புத் தகட்டில் பற்றவைத்தால் வெப்பம் வெளியேறும். பனலுக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பூட்டினால் டயோட் பல பாகை குளிர்ந்திருக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

60 கலப் பனலுக்கு 15 அம்பியர், 45 வோல்ற்று டயோட் போதுமானது. 100 வோல்ற்று வகையைப் போட்டால் உடைவுக்குப் பாதுகாப்பு கூடும் என்று எண்ணுவது வீண். அங்கே உடைவு ஆபத்தே இல்லை, நிழலில் சூடு மட்டும் கூடும். ஒரே 45 வோல்ற்றில் இரண்டு வகை கிடைத்தால், இரண்டு தரவுத்தாள்களிலும் 100 பாகைக்கான கசிவைப் பார்த்து, குறைவாகக் கசிவதை வாங்கவும், அதன் முன்முக வீழ்ச்சி சற்றுக் கூடுதலாக இருந்தாலும்.